கடற்கரைக்குப் போகிறோம்... எங்கே போகிறோம் என்று தெரிந்து போகிறோமா?



'பள்ளி விடுமுறையை நம் குடும்பங்கள் பயனுள்ள வகையில் கழிக்கின்றனவா?' என்பது இன்றைய கருத்தரங்கின் கேள்வி. எனக்கு முன் பேசிய அன்பர்கள் செலவைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளைகள் கைத்தொலைபேசியை விட்டு இறங்க மறுப்பதைப் பற்றிப் பேசினார்கள். நான் ஒரே ஒரு கடற்கரையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பேராக்கில் பிறந்து வளர்ந்த நம்மில் பெரும்பாலோர் ஒரு தடவையாவது போய்வந்த இடம்தான் அது. லூமுட், தெலுக் பாத்தேக், எதிரே பங்கோர் தீவு.

நான் செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். 1999-ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டியும் இளைஞர்களும் சேர்ந்து இரண்டு பள்ளிப் பேருந்துகளை வாடகைக்கு எடுத்து தெலுக் பாத்தேக்கிற்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கே கோயில் கொட்டகையில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். புளிச்சோறு, கோழிப் பிரட்டல், நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை. பெரிய பெரிய அலுமினியப் பானைகள் பேருந்தின் பின் இருக்கையில் எங்களோடு உட்கார்ந்து வந்தன.

என் பாட்டியும் வந்திருந்தார். ஏழு வயதில் தாய் தகப்பனோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி 1937-இல் பினாங்கில் இறங்கியவர். அதன்பிறகு தோட்டம், லயம், பால்மரம், பிள்ளைகள். அறுபத்திரண்டு ஆண்டுகள் அவர் கடலைப் பார்க்கவே இல்லை. நாங்கள் கத்திக்கொண்டு தண்ணீரில் குதித்தபோது, அவர் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி கணுக்கால் நனையும் அளவில் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு என் அப்பாவைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, இந்தத் தண்ணி அந்தாண்ட நாகப்பட்டணம் வரைக்கும் போவுமா?" என்று கேட்டார்.

அப்பா சிரித்துக்கொண்டே, "நேரமாச்சும்மா, வாங்க சாப்பிடலாம்" என்றார். அன்று அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. பாட்டியும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இன்று நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்கிறேன். ஆனால் பாட்டி அன்று கேட்ட கேள்விதான் இன்னும் என்னைத் துரத்துகிறது. அதற்குப் பதில் தேடிப் படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. நாங்கள் விளையாடப் போன அந்தக் கடல், நாங்கள் ஏன் இந்த நாட்டில் இருக்கிறோம் என்ற கேள்விக்கே பதில் வைத்திருக்கிறது.

ஈயம் தேடி வந்த டச்சுக்காரர்

பங்கோர் தீவில் தெலுக் கெடோங் என்ற இடத்தில் செங்கல் சுவர்களோடு ஒரு சிறிய கோட்டை நிற்கிறது. கூரை இல்லை. இரண்டு நிமிடத்தில் சுற்றிவந்து விடலாம். பெரும்பாலோர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு அடுத்த கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கோட்டையை டச்சுக்காரர்கள் 1670-இல் அமைத்தார்கள். அவர்களுக்கு வேண்டியது மணலும் அலையும் இல்லை, பேராக்கின் ஈயம். ஈயம் முழுவதையும் தங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று பேராக்கோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, வேறு கப்பல்கள் வாங்காமல் காவல் காக்கவே இந்தத் தீவில் உட்கார்ந்தார்கள். உள்ளூர் மக்களுக்கு அது பிடிக்கவில்லை. 1689-இல் இங்கு வந்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் ஒரு வேடிக்கையை எழுதி வைத்திருக்கிறார். கோட்டைத் தலைவர் விருந்து வைத்துக்கொண்டிருக்கிறார். "மலாய்க்காரர்கள் வருகிறார்கள்!" என்று ஒரு சிப்பாய் கத்துகிறான். தலைவர் ஒரு வார்த்தையும் பேசாமல் சன்னல் வழியாக வெளியே குதித்துக் கோட்டைக்கு ஓடிவிட்டாராம். அந்த அளவுக்குப் பயம். மறு ஆண்டே, 1690-இல், கோட்டை தாக்கப்பட்டது. 1743-இல் டச்சுக்காரர்கள் திரும்பி வந்து அதை மீண்டும் கட்டினார்கள். 1748-இல் கைவிட்டுப் போய்விட்டார்கள். இன்று நாம் பார்ப்பது 1973-இல் அரும்பொருளகத் துறை புதுப்பித்த வடிவம்.

நம் கிந்தா பள்ளத்தாக்கை வெளியுலகம் அறிந்ததே ஈயத்தால்தான். செமோரிலும் ஈப்போ சுற்றுவட்டாரத்திலும் இன்று தாமரை பூத்துக் கிடக்கும் பழைய ஈயக்குட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பேராக் மண்ணில் கிடந்த அந்த வெள்ளை உலோகத்துக்காகக் கடலோரத்தில் எழுந்ததுதான் அந்தக் கோட்டை.

கப்பலில் கையெழுத்தான தாள்

அடுத்து வந்தவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களும் ஈயத்தின் பின்னால்தான் வந்தார்கள்.

1870-களின் தொடக்கத்தில் பேராக்கில் இரண்டு சண்டைகள் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. லாருட் ஈயவயல்களில் கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனக் கூட்டங்கள் ஒன்றையொன்று வெட்டி மடிந்தன. அரண்மனையில், அடுத்த சுல்தான் யார் என்ற போட்டி. ராஜா அப்துல்லா ஆங்கிலேயரின் உதவியை நாடினார். இதற்காகவே காத்திருந்ததுபோல் ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க் பங்கோருக்கு வந்தார். 1874-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், பங்கோர் கடலில் நங்கூரமிட்டிருந்த 'புளூட்டோ' என்ற கப்பலில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தம் அப்துல்லாவைச் சுல்தான் ஆக்கியது. பதிலுக்கு அவர் ஓர் ஆங்கிலேய ஆலோசகரை ஏற்க வேண்டும். பெயர்தான் ஆலோசகர். மலாய்க்காரர்களின் சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. வரி வசூலும் அவர் கைக்குப் போனது. அதே தாளின்படி பங்கோரும் எதிர்க்கரையும் சேர்ந்த டிண்டிங்ஸ் பகுதி, கடற்கொள்ளையை அடக்கவேண்டும் என்ற காரணத்தைச் சொல்லி ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரோடு சேர்ந்து அது நீரிணைக் குடியேற்றத்தின் ஒரு துண்டானது. 1935-இல்தான் அது பேராக்கிற்குத் திரும்பி வந்தது. அந்த நாளில் செமோரிலிருந்து ஒருவர் லூமுட்டுக்குப் போயிருந்தால், ஓர் ஆட்சியின் எல்லையைக் கடந்து இன்னோர் ஆட்சிக்குள் போயிருப்பார்.

முதல் ஆலோசகராக வந்த ஜே.டபள்யூ.டபள்யூ. பர்ச், மலாய்ப் பெரியவர்களின் மனத்தைப் புரிந்துகொள்ளாமல் அவசர அவசரமாக நடந்துகொண்டார். 1875 நவம்பர் 2-ஆம் நாள் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். ஆங்கிலேயர் படை அனுப்பினார்கள். 1877-இல் சுல்தான் அப்துல்லா இந்தியப் பெருங்கடலில் உள்ள செய்செல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். எந்தக் கடலில் கையெழுத்திட்டாரோ அந்தக் கடல் வழியாகவே அவரை ஏற்றிப் போனார்கள்.

ஒரு கன்றிலிருந்து நம் லயம் வரை

அந்தத் தாளில் ரப்பர் என்ற பேச்சே கிடையாது. தமிழர் என்ற பேச்சும் கிடையாது. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள்.

சுல்தான் நாடு கடத்தப்பட்ட அதே 1877-ஆம் ஆண்டு, பிரேசில் நாட்டு விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. பேராக்கின் புதிய ஆலோசகர் ஹியூ லோ அங்கே தன் இல்லத்துத் தோட்டத்தில் அவற்றை வளர்த்தார். அவற்றில் ஒரு மரம் கோலகங்சாரில் இன்றும் வேலிக்குள் நிற்கிறது. செமோரிலிருந்து அரைமணி நேரப் பயணம். ஈயத்துக்காக நாட்டுக்குள் வந்தவர்களின் கையில் ரப்பரும் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்து மோட்டார் வண்டிகள் பெருகியதும் டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. காடு அழிந்தது, தோட்டம் எழுந்தது. மரம் சீவக் கை வேண்டுமே? கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள்.

அப்படி வந்தவர்கள்தான் நம் பாட்டன் பாட்டிகள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, தளத்தில் படுத்து, வாந்தியெடுத்து, பினாங்கில் இறங்குமுன் ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தப்பட்டு, பிறகு ரயிலிலும் மாட்டுவண்டியிலும் தோட்டத்துக்குப் போனார்கள். 1938-இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை போட்டது. என் பாட்டி அதற்கு முந்தைய ஆண்டு வந்துவிட்டார். ஓராண்டு தள்ளிப் போயிருந்தால் இன்று நான் இந்த மேடையில் இருந்திருக்க மாட்டேன்.

நான் சொல்ல வருவது இதுதான். புளூட்டோ கப்பலில் அந்தக் கையெழுத்து விழாமல் இருந்திருந்தால் பேராக்கின் கதை வேறு மாதிரி போயிருக்கும். செமோர்த் தோட்டங்களில் நம் கதை தொடங்கியிருக்குமா என்பதே சந்தேகம். அந்தக் கப்பல் நின்ற கடல், நாம் வாழைப்பழப் படகு ஏறிக் கூச்சலிடும் அதே வட்டாரத்துக் கடல். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கடல் ஏன் அவ்வளவு தூரமாக இருந்தது?

செமோரிலிருந்து லூமுட் சுமார் நூறு கிலோமீட்டர். இன்று இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிறகு ஏன் என் பாட்டிக்கு அறுபத்திரண்டு ஆண்டுகள் ஆயின?

விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவி, மங்கில் பால் சேர்ந்ததும் வாளியில் சேகரித்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்கும்போது உச்சி வெயில். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். ஓய்வு நாளிலும் துணி, விறகு, கோழி, காய்கறிப் பாத்தி. தோட்டத்துக்கு வெளியே போவதென்றால் சம்பளம் போட்ட பிறகு செமோர் கடைத்தெரு, தைப்பூசத்துக்கு ஈப்போ. அவ்வளவுதான்.

இடையில் போர் வந்தது. ஜப்பானியர் காலத்தில் தோட்டத்து ஆண்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. அதே காலத்தில் லூமுட் கடற்கரையும் சும்மா இருக்கவில்லை. 1943 மே மாதம் இலங்கையிலிருந்து புறப்பட்ட டச்சு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று, ஜான் டேவிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியையும் சில சீன இளைஞர்களையும் செகாரி கரையோரத்தில் இரகசியமாக இறக்கிவிட்டது. ஜப்பானியரை எதிர்த்து உளவு வேலை செய்த 'ஃபோர்ஸ் 136' படைக்குழு அது. அதே ஆண்டு இறுதியில் அதே வழியில் வந்தவர் லிம் போ செங். ஈப்போவில் வணிகர்போல் நடித்துக்கொண்டிருந்தார். 1944 மார்ச்சில் பிடிபட்டார். சித்திரவதை செய்தும் தோழர்களைக் காட்டிக்கொடுக்காமல் 1944 ஜூன் 29-இல் பத்துகாஜா சிறையில் உயிர்விட்டார். நாம் ஈப்போவிலிருந்து கடலுக்குப் போகும் வழிக்குப் பக்கத்து ஊர்தான் பத்துகாஜா.

போர் முடிந்தது என்று மூச்சுவிட்டால், 1948 ஜூன் 16-இல் செமோருக்கு அடுத்துள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. ஊரடங்கு, சோதனை, அரிசிப் பங்கீடு. வேலைக்குப் போகும்போது கையில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக்கூடப் பல இடங்களில் தடை. 1960 ஜூலை 31 வரை அந்த நிலை. கையில் சோறு கொண்டு மரத்தடிக்கே போக முடியாதவர்கள் பானை நிறையப் புளிச்சோறு கட்டிக்கொண்டு கடற்கரைக்கா போயிருப்பார்கள்?

ஆகவே 1999-இல் எங்கள் இரண்டு பேருந்துகள் தெலுக் பாத்தேக்கில் போய் நின்றது சாதாரணமான சுற்றுலா இல்லை. மூன்று தலைமுறைக்குப் பிறகு கிடைத்த ஓய்வு அது. அதனால்தான் கடற்கரையில் நம்மவர்கள் கூட்டமாக வந்து, பானை பானையாகச் சமைத்து, பாட்டுப் போட்டு ஆடுவதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த மகிழ்ச்சியின் விலை அவர்களுக்குத் தெரியாது.

நம் பக்கத்துக் குறை

ஆனால் நம் பக்கமும் குறை உண்டு. அதை மறைப்பதற்கில்லை.

அன்று பிற்பகல் எங்கள் லயத்துப் பையன் ஒருவனை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. ஈயக்குட்டையில் நீந்திப் பழகியவன்தான். குட்டைத் தண்ணீர் நிற்கும், கடல் தண்ணீர் இழுக்கும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. கரையிலிருந்த பெரியவர்களில் சிலர் நிதானத்தில் இல்லை. படகை ஒதுக்கிக்கொண்டிருந்த ஒரு மலாய் மீனவர்தான் பாய்ந்து போய்த் தூக்கி வந்தார். அவன் அம்மா அந்த மனிதரின் காலில் விழப்போனார். அவர் பதறிப்போய் விலகிக்கொண்டார். அவன் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

எல்லாருக்கும் அப்படி ஒரு மீனவர் கிடைப்பதில்லை. விடுமுறைக் காலங்களில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் பட்டியலில் நம் இளைஞர்களின் பெயரைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. பெற்றோர்களே, கணினி வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் அனுப்புகிறீர்கள்; நீச்சல் வகுப்புக்கும் அனுப்புங்கள். தண்ணீரில் இறங்குமுன் ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். குடித்தவர் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது. பிள்ளைகளுக்குக் காவலாகவும் நிற்கக்கூடாது. கடலைக் கடந்து வந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள் கடலில் மூழ்கிச் சாகலாமா?

பேருந்திலேயே தொடங்கலாம்

அடுத்த விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டைக் குறைக்கச் சொல்லவில்லை. பங்கோரில் தெலுக் நீப்பாவில் கயாக் ஓட்டுங்கள், கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பாருங்கள், மாலையில் இருவாட்சிப் பறவைகள் கிளைக்கு வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 2020-ஆம் ஆண்டிலிருந்து பங்கோர் தீர்வையற்ற தீவு. சாக்லெட்டும் வாங்கி வாருங்கள், நெத்திலிக் கருவாடும் வாங்கி வாருங்கள்.

அதோடு சில நிமிடங்கள் ஒதுக்குங்கள். போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, நம் ஊர் மழைநீரைக் கொண்டுபோகும் கிந்தா ஆறும் கீழே இந்த ஆற்றில்தான் சேர்கிறது என்று சொல்லுங்கள். பர்ச் கொல்லப்பட்ட பாசிர் சாலாக் இதே ஆற்றங்கரையில் இன்னும் கீழே இருக்கிறது என்று சொல்லுங்கள். படகில் தீவுக்குப் போகும்போது 1874-ஐச் சொல்லுங்கள். டச்சுக் கோட்டையில் சுவரைத் தொட்டு, இது ஈயத்துக்காக எழுந்தது என்று சொல்லுங்கள். தீவில் பத்ரகாளியம்மன் ஆலயம் இருக்கிறது. மாசி மகத்துக்கு நம்மவர்கள் திரண்டு போகும் கோயில். அங்கே கும்பிட்டுவிட்டு, உங்கள் வீட்டில் யார் முதலில் கப்பலேறினார்கள், எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

ஏனென்றால் எங்கள் தோட்டம் இப்போது இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் எழும்பிவிட்டது. ஸ்டோரும் இல்லை, பெரட்டுக் களமும் இல்லை. காட்டி விளக்குவதற்கு எங்களுக்கு எஞ்சியிருப்பது அந்தக் கடல் ஒன்றுதான். அதை யாரும் துண்டு போட்டு விற்க முடியாது.

என் பாட்டி 2008-இல் காலமானார். அவர் கேள்விக்கு நான் தாமதமாகப் பதில் சொல்கிறேன். போகும் பாட்டி. தெலுக் பாத்தேக்கில் நீங்கள் நின்ற அந்தத் தண்ணீர் மலாக்கா நீரிணையின் தண்ணீர். வடக்கே போய், சுமத்ராவின் முனையைத் தாண்டி, வங்காள விரிகுடாவில் கலக்கிறது. அந்தக் கரையில்தான் உங்கள் நாகப்பட்டினம் இருக்கிறது.

என் மகளை அடுத்த விடுமுறையில் அங்கே கூட்டிப் போகப்போகிறேன். அவள் என்ன கேட்டாலும், "நேரமாச்சு, வா சாப்பிடலாம்" என்று நான் சொல்லப்போவதில்லை.